பொருத்தமும் நிறைவும்

‘தீர்க்கதரிசி’ என்ற சொல்லுக்கு நெடுந்தொலைவு காண்பவர் என்று பொருள். அதைக் கேட்டதும் நாளை நடக்கப்போவதை இன்றே சொல்லிவிடும் ஒருவர்தான் நம் மனத்தில் வந்து நிற்கிறார். எபிரெயர்கள் அவரை ‘நாவி’ என்றார்கள். கடவுளால் அழைக்கப்பட்டு, அவருடைய வாயாக நின்று பேசுபவர். கத்தோலிக்கரின் திருவிவிலியம் ‘இறைவாக்கினர்’ என்று எழுதுவது இந்த மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. ஏசாயா, ஆமோஸ், எரேமியா ஆகியோர் பேசியதில் பெரும்பகுதி அவர்கள் காலத்து அரசனையும், கள்ளத்தராசு வைத்த வியாபாரியையும், ஏழையின் நிலத்தை வளைத்துப்போட்ட பணக்காரனையும் பற்றியது. எதிர்காலத்தைத் தொடும்போதும், இப்படியே போனால் இது வரும், திருந்தினால் வராது என்ற எச்சரிக்கையாகவே அது பெரும்பாலும் வருகிறது. நினிவே அழியும் என்று யோனா அறிவித்தார். ஊரார் மனந்திரும்பினார்கள், ஊர் அழியவில்லை. சோதிடக் கணக்கில் அது பொய்த்துப்போன வாக்கு. யோனாவே அப்படித்தான் நினைத்துக் கோபித்துக்கொண்டார். ஆனால் அந்த வாக்கு எதற்காகச் சொல்லப்பட்டதோ அது நடந்தேறிவிட்டது.

இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் கிறிஸ்தவப் பிரசங்கங்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வைக்கப்படுகிறது. பழைய ஏற்பாட்டில் மேசியாவைப் பற்றி முந்நூறு முன்னறிவிப்புகள் இருக்கின்றனவாம். அவை ஒவ்வொன்றும் இயேசுவில் அப்படியே பலித்தனவாம். ஆகவே அவரே மேசியா என்பது நிரூபணமாம். சென்ற நூற்றாண்டில் கலிபோர்னியாவின் கணிதப் பேராசிரியர் பீட்டர் ஸ்டோனர் இதற்கு ஒரு கணக்கும் போட்டுக் கொடுத்தார். எட்டே எட்டு முன்னறிவிப்புகள் தற்செயலாக ஒரே மனிதரிடம் கூடுவதற்கான வாய்ப்பு, ஒன்றுக்குப் பின் பதினேழு பூஜ்யம் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்குதான் என்றார். டெக்சாஸ் மாநிலம் முழுவதும் இரண்டடி உயரத்துக்கு வெள்ளிக் காசுகளைப் பரப்பி, ஒரே ஒரு காசில் அடையாளம் வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவன் முதல் முயற்சியிலேயே அதை எடுப்பது போன்றதாம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்துப் பொருத்தம் பார்ப்பதற்குக்கூட முதலில் இரண்டு ஜாதகமும் தனித்தனியாக எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கே பழைய நூலை நன்கு அறிந்தவர்களே புதிய வரலாற்றை எழுதியவர்கள். எந்த வசனம் மேசியாவைக் குறிக்கிறது என்ற பட்டியலும் அவர் வந்து போன பிறகு தயாரானதுதான். ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே செல்லும் பெருக்கல் கணக்கை இதன் மேல் ஏற்றினால், பதினேழு பூஜ்யங்களும் வெறும் பூஜ்யங்கள்தான்.

அப்படியானால் தீர்க்கதரிசன நிறைவேற்றம் என்ற நம்பிக்கையே பொருளற்றதா? இல்லை என்பதுதான் என் கருத்து. முதல் கிறிஸ்தவர்கள் சொன்னது இந்தப் பட்டியல் வாதத்தை அல்ல. அவர்கள் சொன்னது வேறு. அது இதைவிட ஆழமானது, பல இடங்களில் இதைவிடச் சங்கடமானதும்கூட.

மத்தேயு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏரோது அரசனுக்கு அஞ்சிப் பெற்றோர் குழந்தை இயேசுவை எகிப்துக்குக் கொண்டுபோய், அவன் இறந்த பின் திரும்பி வருகிறார்கள். எகிப்திலிருந்து என் மகனை அழைத்தேன் என்று தீர்க்கதரிசி உரைத்தது இதனால் நிறைவேறியது என்கிறார் மத்தேயு. ஓசியா நூலின் பதினோராம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் அங்கே முன்னறிவிப்பு எதுவும் இல்லை. கடவுள் பழைய கதை ஒன்றைத்தான் நினைவுகூர்கிறார்: இஸ்ரவேல் குழந்தையாக இருந்தபோது அதன்மேல் அன்பு வைத்து எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து அழைத்து வந்தது. வினை இறந்தகாலம், மகன் என்பது ஒரு மக்களினம். அடுத்த வரியிலேயே அந்த மகன் பாகால்களுக்குப் பலியிடப் போய்விட்டான் என்ற முறையீடு வந்துவிடுகிறது. அதை இயேசுவுக்குப் பொருத்த எந்தத் தந்திரசாலியும் முயலமாட்டான். மத்தேயு தெரியாமல் செய்தார் என்று சொல்லவும் வழியில்லை. அன்று புழக்கத்திலிருந்த கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘அவனுடைய பிள்ளைகள்’ என்று இருக்கிறது. மத்தேயு எழுதுவதோ எபிரெய மூலத்தின்படி ‘என் மகன்’. மூலத்தின் வாசகத்தை அறிந்தவருக்கு அடுத்த வரி மட்டும் தெரியாமல் போயிருக்காது.

பிறகு ஏன் ‘நிறைவேறியது’ என்றார்? அவர் கையாளும் கிரேக்க வினைக்கு முதற்பொருள் நிரம்புவது. கடலில் போட்ட வலை மீன்களால் நிறைந்தது என்று பதின்மூன்றாம் அதிகாரத்தில் சொல்லும்போதும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். நம்முடைய ‘நிறைவேறுதல்’ என்ற சொல்லுக்குள்ளேயே நிறைவு இருக்கிறது. பழகிப் பழகி அது ‘பலித்தது’ என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. மத்தேயு பலித்த கதை சொல்லவில்லை. எகிப்திலிருந்து வெளியேற்றம், தண்ணீரைக் கடத்தல், வனாந்தரத்தில் நாற்பது ஆண்டு என்று இஸ்ரவேலின் கதை போகிறது. எகிப்திலிருந்து திரும்புதல், யோர்தானில் முழுக்கு, வனாந்தரத்தில் நாற்பது நாள் என்று இயேசுவின் கதையை அவர் அமைக்கிறார். வனாந்தரத்தில் சோதிக்கிறவனுக்கு இயேசு சொல்லும் மூன்று பதில்களும் உபாகமத்தின் ஆறாம், எட்டாம் அதிகாரங்களிலிருந்து எடுத்தவை. இஸ்ரவேல் அதே வனாந்தரத்தில் தவறிய கதையைத் திரும்பிப் பார்க்கும் பகுதி அது. முதல் மகன் இடறிய இடத்திலெல்லாம் இந்த மகன் நின்றான் என்பதே மத்தேயுவின் வாதம். பழைய கதையில் நிரம்பாமல் கிடந்த பள்ளம் ஒன்று இங்கே நிரம்பியது என்று அவர் காட்டுகிறார். ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். மறுப்பவர் இந்த வாதத்தையாவது மறுக்க வேண்டும்.

இந்த வாசிப்பு எந்தத் திசையில் நகர்ந்தது என்பது அடுத்த கேள்வி. பட்டியல் வாதத்தின்படி, முதலில் நூலில் ஒரு சித்திரம் இருந்தது, பிறகு அதற்கேற்ப ஒருவர் வந்தார். வரலாறு நேர்மாறாகச் சொல்கிறது. ‘மேசியா’ என்றால் எண்ணெயால் அபிஷேகம் செய்யப்பட்டவர். அரசனும் ஆசாரியனும் அப்படி அழைக்கப்பட்டார்கள். பாபிலோனை வீழ்த்திய பாரசீக அரசன் கோரேசைக்கூட ஏசாயா நூல் அப்படித்தான் அழைக்கிறது. ரோமத் தளபதி பொம்பேயு கி.மு. 63இல் எருசலேமைப் பிடித்ததற்குப் பின் எழுந்த ‘சாலொமோனின் சங்கீதங்கள்’ என்ற யூத நூலில், தாவீதின் வழிவந்த அரசன் அந்நியரைத் துரத்தி நகரைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற ஏக்கம் கொதிக்கிறது. சாக்கடலோரக் கும்ரான் சமூகத்தாரோ ஆரோன் வழியில் ஒருவர், இஸ்ரவேல் வழியில் ஒருவர் என இரண்டு மேசியாக்களை எதிர்பார்த்தார்கள். ஆளுக்கொரு எதிர்பார்ப்பு, ஆனால் ரோமரின் சிலுவையில் தொங்கும் மேசியாவை யாரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. மரத்தில் தூக்கப்பட்டவன் கடவுளின் சாபத்துக்கு உட்பட்டவன் என்பது உபாகமச் சட்டம். சிலுவையில் அறையப்பட்ட மேசியா என்பது யூதருக்கு இடறல் என்று பவுலே ஒப்புக்கொள்கிறார். பிற்காலத் தல்மூதில் கொல்லப்படும் ‘யோசேப்பின் மகன் மேசியா’ ஒருவர் வருகிறார், உண்மைதான். அவரும் தாவீதின் மகனுக்கு முன்னோடியாக வருபவரே ஒழிய, சாபத்தின் மரத்தில் மடிபவரல்ல.

வழக்கமாக இத்தகைய கதை எப்படி முடியும் என்பதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து நடந்ததே சாட்சி. கி.பி. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளம்பிய சீமோன் பார் கொக்பாவை ரபீ அகிபா மேசியா என்றே கொண்டாடினார். யாக்கோபிலிருந்து நட்சத்திரம் உதிக்கும் என்ற எண்ணாகம வாக்கு அவரைச் சுட்டுவதாக வாசித்தார். ‘நட்சத்திரத்தின் மகன்’ என்ற பெயரே அதிலிருந்து வந்தது. 135இல் சீமோன் கொல்லப்பட்டார். அந்த வசனத்தை எவரும் திருப்பி வாசிக்க முயலவில்லை. பெயரைத்தான் மாற்றினார்கள்: ‘பார் கொசிபா’, பொய்யின் மகன். தோற்றவன் மேசியா அல்ல என்பது அன்றைய இயல்பான தர்க்கம். இயேசுவின் சீடர்களும் அதே தர்க்கத்தில்தான் தொடங்கினார்கள். எம்மாவு ஊருக்கு நடந்த இருவர், இஸ்ரவேலை மீட்பவர் இவர்தான் என்று நம்பியிருந்தோமே என்று கடந்தகாலத்தில் புலம்புவதாக லூக்கா எழுதுகிறார். ஆனால் அவர்கள் பார் கொக்பாவின் ஆட்களைப்போலக் கலைந்துபோகவில்லை. இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற உறுதிப்பாடு எங்கிருந்தோ வந்து, அதன் பின்பே வேதத்தைப் புரட்டத் தொடங்கினார்கள். நூலிலிருந்து நிகழ்ச்சிக்கு அவர்கள் வரவில்லை. நிகழ்ச்சியிலிருந்து நூலுக்குப் போனார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, பிறகென்ன, நடந்ததற்கு ஏற்ப வசனம் தேடியதை நீங்களே ஒப்புக்கொண்டீர்களே, இன்னும் ஒரு படி போய், வசனத்துக்கு ஏற்பக் கதையையே கட்டியிருக்கமாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சில இடங்களில் விடை ‘கட்டியிருக்கலாம்’ என்பதே. கழுதையின் மேல் வரும் அரசனைப் பாடும் சகரியா, எபிரெயக் கவிதையின் வழக்கப்படி ஒரே பிராணியை இரண்டு முறை சொல்கிறார். இயேசு எருசலேமுக்குள் நுழையும் காட்சியில் மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் ஒரே குட்டிதான் வருகிறது. மத்தேயுவில் மட்டும் தாயும் குட்டியுமாக இரண்டு. கவிதையின் இரட்டை அடி கதைக்குள் இரண்டு கழுதைகளாகிவிட்டது என்றே தோன்றுகிறது. பெத்லகேம் பிறப்பை மாற்கு பேசுவதே இல்லை. யோவானில் கூட்டத்தார், மேசியா பெத்லகேமிலிருந்து அல்லவா வரவேண்டும், இவர் கலிலேயராயிற்றே என்று தடை எழுப்ப, நூலாசிரியர் பதில் தராமலேயே கடந்துபோகிறார். பெத்லகேமிலிருந்து ஆளுபவர் வருவார் என்ற மீகாவின் வாக்கு அந்தப் பிறப்புக் கதையை உண்டாக்கியதா, கதை மீகாவை நினைவூட்டியதா என்பதை வரலாற்றுச் சான்று கொண்டு தீர்க்க முடியாது.

ஆனால் எல்லாமே கட்டுக்கதை என்றால் இந்தக் கட்டுமானம் இவ்வளவு கோணல்மாணலாக இருக்கக் காரணம் வேண்டும். நாசரேத் என்ற ஊர் எபிரெய வேதத்தில் எங்குமே இல்லை. மேசியாவைப் புனைந்தவர்கள் அவருக்கு அந்த ஊரைத் தேர்ந்திருக்கமாட்டார்கள். ஊர் உண்மை, அதை மாற்ற முடியாததால்தான் மத்தேயு, அவர் நசரேயர் எனப்படுவார் என்று தீர்க்கதரிசிகள் உரைத்தார்கள் என்று எழுதிவைக்கிறார். அப்படி ஒரு வசனமே கிடையாது. தாவீதின் தந்தை ஈசாயின் அடிமரத்திலிருந்து எழும் தளிரைக் குறிக்கும் ‘நேட்செர்’ என்ற எபிரெயச் சொல்லோடு அதை இணைத்துப் பார்த்தவர்களில் ஜெரோமும் ஒருவர். ஓர் ஊர்ப்பெயருக்கு வசனம் தேடி இவ்வளவு அலைய வேண்டியிருந்தது என்றால், எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்பது தெரிந்துவிடுகிறது. இருபத்திரண்டாம் சங்கீதம் இதைவிட வியப்பானது. சிலுவைக் காட்சி முழுக்க அந்தச் சங்கீதத்தின் நிழல் விழுகிறது: கைவிடப்பட்டவனின் அலறல், தலையசைத்து ஏளனம் செய்பவர்கள், ஆடைக்குச் சீட்டுப்போடுதல். அதே சங்கீதத்தில் கைகளையும் கால்களையும் பற்றிய ஒரு வரி, எபிரெயப் பாடத்தில் குழப்பமாகவும் கிரேக்கத்தில் ‘துளைத்தார்கள்’ என்பதுபோலவும் வருகிறது. பொருத்தம் தேடுபவனுக்கு இதைவிட வாய்ப்பான வரி கிடைக்காது. புதிய ஏற்பாட்டில் ஒருவர்கூட அதை எடுத்துக்காட்டவில்லை. பட்டியல் போடும் புத்தி பின்னால் வந்தது என்பதற்கு இந்த மௌனத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கன்னிகை கர்ப்பவதியாவாள் என்று நம் வேதாகமத்தில் வழங்கும் ஏசாயா வாக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கி.மு. 735ஐ ஒட்டி சீரியாவும் வட இஸ்ரவேலும் கூட்டுச் சேர்ந்து யூதாவை நெருக்கின. நடுங்கிய ஆகாஸ் அரசனுக்கு ஏசாயா தந்த அடையாளம் அது: ஓர் இளம்பெண் ஒரு பிள்ளையைப் பெறுவாள், அவன் நன்மை தீமை அறியும் வயதை எட்டுமுன் அந்த இரு அரசர்களின் நாடும் பாழாகும். தமஸ்கு 732இல் அசீரியரிடம் வீழ்ந்தது. எழுநூறு ஆண்டுக்குப் பின் வரும் பிறப்பு ஆகாசுக்கு என்ன ஆறுதல் தந்திருக்கும்? எபிரெயச் சொல் ‘அல்மா’ கன்னிமையை வற்புறுத்துவதில்லை. மணப்பருவப் பெண் என்பதே பொருள். கன்னியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் போட்டவர்கள் கிறிஸ்துவுக்கு முந்தைய யூத மொழிபெயர்ப்பாளர்கள்தான், ஆகவே கிறிஸ்தவர் திருத்திவிட்டார்கள் என்பது தவறு. யூதர்கள் மாற்றிச் சொல்கிறார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டின் ஜஸ்டின் தம்முடைய ‘திரிபோவுடன் உரையாடல்’ நூலில் குறைபட்டதும் அதே அளவு தவறு. அந்த நூலில் யூதரான திரிபோ, இது ஆகாசின் மகன் எசேக்கியாவைப் பற்றியது, சொல்லுக்கு இளம்பெண் என்றே பொருள் என்கிறார். மொழியளவில் திரிபோதான் சரி.

உண்மையான வழக்கு ஏசாயா ஐம்பத்து மூன்றில் இருக்கிறது. அழகின்றி, அசட்டை செய்யப்பட்டு, பிறரது குற்றங்களைச் சுமந்து, வாய் திறவாமல் கொலைக்குப் போகும் கர்த்தரின் தாசன். இதைக் கிறிஸ்தவர்கள் பின்னால் எழுதிச் சேர்த்தார்கள் என்ற ஐயத்துக்கு 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயாச் சுருள் முடிவு கட்டிவிட்டது. ஏழு மீட்டருக்கு மேல் நீளமான அந்தத் தோற்சுருள் இயேசுவுக்கு நூறு ஆண்டுக்கும் முந்தியது. அதிகாரம் முழுதும் அதில் இருக்கிறது. யார் இந்தத் தாசன் என்பதே கேள்வி. இஸ்ரவேல் மக்களே என்பது யூத விடை. மூன்றாம் நூற்றாண்டிலேயே யூத அறிஞர்கள் தம்மிடம் அப்படிச் சொன்னதாகக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் பதிவுசெய்கிறார். பதினோராம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி அதை விரிவாக நிலைநாட்டினார். நூலிலும் அதற்கு வலுவான ஆதாரம் உண்டு. நாற்பத்தொன்றாம் அதிகாரம் இஸ்ரவேலே என் தாசன் என்று பெயர் சொல்லியே அழைக்கிறது. நாற்பத்தொன்பதாம் அதிகாரமும் அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கேயே இரண்டு வசனம் தள்ளி, யாக்கோபைக் கடவுளிடம் திருப்பிக் கொண்டுவருவது அந்தத் தாசனின் பணி என்று வருகிறது. இஸ்ரவேலே இஸ்ரவேலைத் திருப்ப வேண்டும். தாசன் மக்களாகவும் இருக்கிறான், மக்களுக்காக நிற்பவனாகவும் இருக்கிறான். இந்த இடைவெளியை நூல் மூடுவதில்லை. எபிரெய வேதத்தின் அராமிக் மொழிபெயர்ப்பான தர்கும் இதை எப்படிக் கையாள்கிறது என்பது கவனிக்கத்தக்கது: தாசன் மேசியாவே என்று அது எழுதுகிறது; எழுதிவிட்டு, உயர்வையெல்லாம் மேசியாவுக்கு வைத்துக்கொண்டு, துன்பத்தையெல்லாம் எடுத்து மற்றவர்மேல் போட்டுவிடுகிறது. துன்புறும் மேசியா எவ்வளவு நினைக்கவொண்ணாததாக இருந்தார் என்பதற்கு இதுவும் சாட்சி.

ஆகவே தாசன் இஸ்ரவேலா, இயேசுவா என்று ஒன்றை வெட்டி ஒன்றை வைக்கும் சண்டையே வீண் என்பேன். அரசனிடம் குடிமக்கள் அனைவரும் அடங்குவது பழைய கிழக்கு நாடுகளின் இயல்பான எண்ணம். தாவீது செய்த பாவத்துக்கு நாடே கொள்ளைநோயில் விழுந்த கதை அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான். இயேசு இஸ்ரவேலின் இடத்தில் நின்று இஸ்ரவேலாகவே துன்புற்றார் என்றால், யூத வாசிப்பு பிழையாவதில்லை. அதன் மேல்தான் கிறிஸ்தவ வாசிப்பு நிற்கிறது. எத்தியோப்பிய மந்திரி இதே அதிகாரத்தைத் தேரில் வாசித்துக்கொண்டு வந்து, தீர்க்கதரிசி தம்மைப் பற்றிச் சொல்கிறாரா வேறொருவரைப் பற்றியா என்று பிலிப்புவைக் கேட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. கேள்வி நூலுக்குள்ளேயே இருந்தது. விடையைத்தான் பிலிப்பு வெளியிலிருந்து கொண்டுவந்தார்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. 1263இல் அரகோன் அரசன் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் பார்சிலோனாவில் ஒரு பகிரங்க விவாதம் நடந்தது. யூதராயிருந்து கிறிஸ்தவரான பாப்லோ கிறிஸ்தியானி, மேசியா வந்துவிட்டார் என்று யூத நூல்களைக்கொண்டே காட்ட முயன்றார். எதிர்நின்ற ரபீ நாக்மனிதிஸ் வசனச் சண்டையோடு நிற்கவில்லை. மேசியாவின் நாட்களில் வாள்கள் கலப்பைகளாகும், ஓர் இனம் மற்றோர் இனத்தின்மேல் பட்டயம் எடுக்காது என்கிறது வேதம். இயேசுவின் காலம் முதல் இன்றுவரை உலகம் கொடுமையாலும் கொள்ளையாலும் நிறைந்து கிடக்கிறதே என்றார். அதற்குக் கிறிஸ்தவம் எப்போதும் தரும் பதில், எஞ்சியவை இரண்டாம் வருகையில் நிறைவேறும் என்பது. பொருத்தப் பட்டியலை நம்புகிறவருக்கு இது தோல்வியின் ஒப்புதல். பலித்ததை முதல் வருகையில் எழுதி, பலிக்காததை அடுத்த வருகைக்குத் தள்ளினால் எந்த வாக்கும் எக்காலத்தும் பொய்க்காது. நிறைவு என்று வாசிப்பவரும் இதில் எளிதாகத் தப்பிவிட முடியாது. பாத்திரம் விளிம்புவரை நிரம்பவில்லை என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பவுல் படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் முனகுகிறது என்று எழுதியபோது அதைத்தான் சொன்னார்.

இதை ஒப்புக்கொள்ள மறுத்ததற்கான விலையைக் கிறிஸ்தவர்கள் கொடுக்கவில்லை, யூதர்களே கொடுத்தார்கள். வசனங்கள் கணிதம் போல நிரூபிக்கின்றன என்றால், அவற்றை எபிரெயத்திலேயே வாசித்தும் ஏற்காதவன் ஒன்று குருடன், அல்லது வேண்டுமென்றே கண்ணை மூடுகிறவன். ஸ்ட்ராஸ்பர்க் பேராலய வாசலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிற்பி ஜெப ஆலயத்தை ஒரு பெண்ணாகச் செதுக்கி, கண்ணைத் துணியால் கட்டி, கையில் முறிந்த ஈட்டியைக் கொடுத்து நிறுத்திவைத்தான். விவாதத்தில் சளைக்காத நாக்மனிதிஸ் தம் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்து, 1267இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார். வத்திக்கானின் வேதாகம ஆணையம் 2001இல் வெளியிட்ட ஆவணம் வேறு குரலில் பேசுகிறது: பழைய ஏற்பாட்டில் கிறிஸ்துவைக் காண்பது பின்னோக்கிய பார்வை, யூதரின் வாசிப்பும் அந்த நூல்களுக்கு இயலக்கூடிய வாசிப்பே, அவர்களுடைய மேசியா எதிர்பார்ப்பு வீணானதல்ல. நிரூபணத்தைக் கைவிட்டால் நம்பிக்கைக்கு என்ன மிஞ்சும் என்று இதைக் கேட்டுப் பதறியவர்கள் உண்டு.

அவர்கள் லூக்காவின் எம்மாவுக் கதையை மறுபடி வாசிக்கலாம். எருசலேமிலிருந்து ஏறத்தாழ ஏழு மைல் தூரம். வழிநெடுக, மோசே தொடங்கித் தீர்க்கதரிசிகள் எல்லாருடைய எழுத்துகளையும் உயிர்த்தெழுந்தவரே அந்த இருவருக்கும் விளக்கிக்கொண்டு நடந்தார். உலகத்தில் அதைவிடச் சிறந்த விளக்கவுரை கிடையாது. நெஞ்சு கொழுந்துவிட்டு எரிந்ததாக அவர்களே பிறகு சொல்கிறார்கள். ஆனாலும் பக்கத்தில் நடப்பவர் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பொழுது சாய்ந்தது, எங்களோடு தங்கும் என்று வற்புறுத்தி உள்ளே அழைத்தார்கள், அவர் அப்பத்தை எடுத்துப் பிட்டார். அப்போதுதான் தெரிந்தது.